பூட்டை உடைத்தது நீ

மழை விட்டு மூன்று நாளாகிறது. மருமகள் இன்று காலை என் அலுமாரியைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த பொன்னாடைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் வாசலில் கயிறு கட்டிக் காயப்போட்டாள். பூஞ்சணம் பிடித்துவிட்டதாம். புளத்கொகுபிட்டிய மழையில் மனிதனுக்கே பூஞ்சணம் பிடிக்கும், துணிக்குக் கேட்கவா வேண்டும். பூச்சி உருண்டை வாசனையும் ஈரத்துணி நாற்றமும் கலந்து வீடெல்லாம் பரவியது. சிவப்பு, பச்சை, ஊதா, எல்லாவற்றுக்கும் ஜரிகைக் கரை. தெருவில் போன கறிவேப்பிலைக்காரர் சைக்கிளை நிறுத்தி, "சாரி கடயக் தெம்மத மாத்தயா?" என்றார். சேலைக்கடை போட்டுவிட்டீர்களா என்று கேட்கிறார். அவரோடு சேர்ந்து நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்தேழு இருந்தது. முப்பத்தேழாவது போன வாரம் விழுந்தது. அந்த மேடையில் நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும். நீ போய் ஆறு வருஷமாகிறது மச்சான். செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிறானே, கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

எழுபத்தாறு வயதாகிறது எனக்கு. முழங்கால் மடங்குவதில்லை. மேடையில் ஏற்ற இரண்டு பேர் அக்குளில் கை கொடுக்கிறார்கள், அதையும் ஒரு மரியாதை என்று நினைத்துச் சனம் கை தட்டுகிறது. கடைசிப் பல் விழுந்த வருஷம்தான் எனக்கு 'நாநலச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தார்கள். கண்ணில் ஒப்பரேஷன் செய்து பச்சைத்துணி கட்டிக்கொண்டு வந்த கிழமை 'ஒளிவிளக்கு' என்றார்கள். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகு 'மலையக முழக்கம்'. கிழவன் கண்ணை மூடுவதற்குள் போர்த்திவிட வேண்டும் என்று சங்கத்துக்குச் சங்கம் போட்டி. போர்த்தி, படம் எடுத்து, கதிரையில் உட்கார்த்திவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. பிறகு ஒன்றுக்குப் போக வேண்டும் என்று சைகை காட்டினாலும் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.

எல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்துக்காகத்தான்.

உனக்கு நினைவிருக்கும். நம் ரப்பர் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் அப்போது பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகள் ஓயா ஆற்றைக் கடந்து மேல்பிரிவுக்குப் போக வேண்டும். ஓயா பெருகினால் அன்றைக்குப் படிப்பு இல்லை, நம் பக்கத்தில் ஓயா பெருகாத மாதம் எது? நாம் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்திலேயே ரப்பர் சீட்டுக்குப் புகை போட்ட பழைய கட்டடம் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அதைக் கொடுங்கள், பிள்ளைகளை உட்கார வைத்துக்கொள்கிறோம் என்று தோட்டத்துத் துரைக்கு மூன்று மனு கொடுத்தேன். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவன் நான், இருபத்தெட்டு வயது, கையெழுத்து நன்றாக இருக்கும். மூன்றுக்கும் 'பார்ப்போம்' என்றுதான் பதில்.

நீ பால்வெட்டுக்காரன். உன் வரிசை மரங்களில் பட்டையில் காயம் இருக்காது, கங்காணியே மற்றவர்களைக் கூட்டிவந்து காட்டுவார். வேலையில் அவ்வளவு பதம், வாயில் ஒரு பதமும் கிடையாது. ஊரே என்னைத் தலைவர் என்று மரியாதையாகக் கூப்பிட, நீ மட்டும் இரண்டு கையையும் கூப்பி "தலைவரே" என்று இழுப்பாய். தவறணையில் குடித்துவிட்டு வரும் நாளில் அந்த இழுப்பு இன்னும் நீளும். ஒருநாள் பால் நிறுக்கும் இடத்தில் எல்லோரும் கேட்கும்படி சொன்னாய்: "தலைவரு வேலை என்னான்னு தெரியுமா மச்சான்? அடி விழுறப்ப முன்னுக்கு நிக்கணும், மாலை விழுறப்ப பின்னுக்கு நிக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

பூட்டை உடைக்கச் சொன்னது நான். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால், காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு, உன்னை மட்டும் நிறுத்திச் சொன்னேன்.

"ஒடச்சிரு மச்சான். புள்ளைங்கள உள்ளுக்கு உக்கார வச்சிட்டா, அப்புறம் தூக்கி வெளிய போட எவனுக்கும் தைரியம் வராது. வர்றத நான் பாத்துக்கிறேன்."

"நெசமா பாத்துக்குவியா?" என்று கேட்டாய், சிரித்துக்கொண்டே.

"தலைவரு சொல்றேன்ல."

அன்று பகல் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, அலவாங்கோடு போய் இரண்டே நெம்பில் உடைத்தாய். பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். கழுவி என்ன, வருஷக்கணக்கான புகை, சுவரில் முதுகைச் சாய்த்த பிள்ளையின் சட்டையெல்லாம் கரி. பத்தாம் வகுப்பு வரை படித்திருந்த கங்காணியின் மகள் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து அ, ஆ எழுதினாள். முன்வரிசையில் உன் மகள் உட்கார்ந்திருந்தாள், ஐந்து வயது. பதினோரு நாள் அவள் அங்கே படித்தாள். அவள் படித்த தமிழ் அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் ஆபீஸ் விறாந்தையில் விசாரணை. துரை கதிரையில், பெரிய கிளாக்கர் பக்கத்தில் பேனாவோடு, நீ நடுவில், நான் தூணோரம். உடைந்த பூட்டை மேசைமேல் வைத்திருந்தார்கள். பொலிசுக்குப் போகலாம், திருட்டு வழக்குப் போடலாம் என்று கிளாக்கர் ஒருமுறை சொல்லிவைத்தார். துரை தமிழிலேயே கேட்டார்.

"யார் சொல்லி நீ உடைச்சது?"

"யாரும் சொல்லலிங்க தொர. நானாத்தான் ஒடச்சேன். புள்ளைங்க மழையில நனையுதுங்க."

துரை என் பக்கம் திரும்பினார். "தலைவர், உங்களுக்கு இது தெரியுமா?"

"எனக்குத் தெரியாதுங்க தொர."

மூன்று சொல். யோசித்துச் சொன்னதாகக்கூட ஞாபகம் இல்லை, யாரோ தொண்டைக்குள் தயாராக வைத்திருந்த மாதிரி வந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பார்த்திருந்தால் நான் மாற்றிச் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பொய். உன் பார்வைமேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்த்தேன், அவ்வளவுதான்.

காரணங்கள் இல்லாமலில்லை. வீட்டில் என் மனைவிக்கு எட்டு மாதம். இரண்டு பேரும் வெளியே போய்விட்டால் பேச ஆள் இல்லை, நான் உள்ளே இருந்தால் உன்னைத் திரும்ப எடுக்க வைக்கலாம் என்றும் ஒரு கணக்குப் போட்டேன். துரை என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கட்டடத்தைப் பள்ளிக்கூடத்துக்கு விடுகிறேன், ஆனால் உடைத்த ஆள் தோட்டத்தில் இருக்கக் கூடாது, சம்மதமா என்றார். ஒரு தாளில் இரண்டையும் எழுதி நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளின் மேல்பாதியைத்தான் இப்போது பள்ளிக்கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். கீழ்ப்பாதி மடிப்புக்குள் போய்விட்டது.

உனக்குப் பத்துச்சீட்டு வந்தது. அது கைக்கு வந்தால் வேலை மட்டுமா போகும், லயத்துக் காம்பராவும் போகும். அவிசாவளைக்கு ரப்பர் சீட்டு ஏற்றிப் போகும் லொறியில் சாமான்களை ஏற்றினீர்கள். உன் மனைவி ராமாயி தலையில் பானையோடு ஏறியதையும், மகள் "சிலேட்டு பள்ளிக்கூடத்துல இருக்கு, சிலேட்டு பள்ளிக்கூடத்துல இருக்கு" என்று அழுததையும் பிறர் சொல்லித்தான் கேட்டேன். நான் அங்கே இல்லை. கேகாலையில் கூட்டம் என்று விடிவதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டேன். கூட்டம் மறுநாள்தான் மச்சான். அன்று முழுக்க பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன்.

லயத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒன்றிரண்டு வருஷம் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பிறகு பாதிப்பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள், மீதியில் பாதி மண்ணுக்குப் போனார்கள், இருந்தவர்களுக்கு நான் வேண்டியவனாகிவிட்டேன். பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்தது. கூரை மாறியது, ஆசிரியர்கள் வந்தார்கள். நான் பிரதேச சபைக்கு உறுப்பினராகப் போனேன். உடைத்தவன் ஒருவன் இருந்தான் என்பதையே ஊர் மெல்ல மறந்தது. நான் ஞாபகப்படுத்தவில்லை.

நான்கு வருஷம் கழித்துத்தான் உன்னைத் தேடிக் குருவிட்டைக்கு வந்தேன். வயலுக்கு நடுவே மாணிக்கக் குழி. உள்ளே பலகையும் கம்பும் கொடுத்துக் கட்டியிருந்தார்கள், பம்பு உறுமிக்கொண்டிருந்தது. மேலே நின்ற சிங்கள ஆள் குழிக்குள் குனிந்து கூப்பிட, நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாய். தலையிலிருந்து கால் வரை சேறு, பல் மட்டும் வெள்ளை. இடுப்பளவு தண்ணீரில் நின்று நின்று கால் இரண்டும் வீங்கித் தோல் வெளுத்திருந்தது.

"வாங்க தலைவரே," என்றாய். பழைய இழுப்பு. கையை மட்டும் கூப்பவில்லை, சேறு.

என்ன பேச வந்தேனோ அதைப் பேசவில்லை. உன் கால் பற்றிக் கேட்டேன். "மரத்துல வெட்டுனா பாலு வரும். இங்க வெட்டுனா தண்ணிதான் வருது," என்று சிரித்தாய். பிறகு நீயாகவே கேட்டாய்: "புள்ளைங்க படிக்குதுங்களா?"

"படிக்குதுங்க. எழுபது பேருக்கு மேல."

"அது போதும்ல." கையில் அப்பியிருந்த சேற்றை வழித்துவிட்டு, "நீ வாயத் தொறந்திருந்தா ரெண்டு பேரும் லொறி ஏறியிருப்போம். விடு மச்சான்," என்றாய்.

என்னை அடித்திருக்கலாம் நீ. சேற்றுக் கையால் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் நான் அன்றைக்கே மனுஷனாகியிருப்பேன். விடு என்று நீ சொன்னதும் நானும் விட்டுவிட்டேன். அவ்வளவு சுலபமாக விட்டேன் என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

உன் மகளைப் பக்கத்துச் சிங்களப் பள்ளியில் இரண்டு வருஷம் விட்டாய். பிறகு குழிக்கு மேலே கூடையில் சரளை கழுவினாள். பிறகு யாரோ வீட்டுக்கு வேலைக்குப் போனாள், பிறகு வெளிநாடு. வருஷத்துக்கு ஒருமுறை எனக்கு அங்கிருந்து போன் வரும். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவாள். "மாமா சுகந்தானே?" என்பாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

பொன்னாடை விழத் தொடங்கியது அறுபது வயதுக்குப் பிறகுதான். முதலாவது விழுந்தபோது உண்மையாகவே வெட்கப்பட்டேன், அடுத்த மேடையில் உன்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று சட்டைப் பையில் எழுதி வைத்திருந்தேன். அடுத்த மேடையில் நேரம் போதவில்லை. அதற்கு அடுத்ததில் மந்திரி ஒருவர் அவசரமாகப் புறப்பட வேண்டியிருந்தது. பிறகு ஒரு மேடையில் உன் பேரைச் சொல்லியே விட்டேன், 'என்னோடு தோள் கொடுத்த தோழர்களில் ஒருவன்' என்று. தோழர்களில் ஒருவனாம்! வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் வாயைப் பார்த்தேன். ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல் என்பார்கள். எனக்கு மேடைதோறும் கோணலாக இருந்தது.

நீ செத்த செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. மூச்சடைப்பு என்றார்கள். அன்றைக்கு நான் செய்ததைத்தான் உன்னிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும், நீ பார்த்திருக்க மாட்டாய்.

கோடித்துணி எடுக்க வேண்டும். பசாரில் துணிக்கடை திறந்துதான் இருந்தது. உள்ளே போய் வேட்டியைக் கையில் எடுத்தவன் திரும்ப வைத்துவிட்டேன். ஒரு யோசனை வந்தது எனக்கு, அப்போது பெரிய யோசனையாகத் தெரிந்தது. முந்தின மாதம் போர்த்திய பொன்னாடை உறையோடு அலுமாரியில் இருந்தது. மாம்பழ நிறம், அகலமான ஜரிகை. இது யாருக்கு வர வேண்டியது? உனக்கு. உயிரோடு இருக்கையில் போர்த்தவில்லை, இப்போதாவது உன் மேலே போடுவோம் என்று அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு பஸ் மாறி, குருவிட்டையில் இறங்கும் வரை அழுதுகொண்டே வந்தேன். என் அழுகையில் எனக்கே ஒரு திருப்தி இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். ஆளுக்கொரு வெள்ளைக் கோடி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் கூட்டம் விலகி வழிவிட்டது, எங்கே போனாலும் எனக்கு வழிவிடுகிறார்கள். பொன்னாடையை விரித்து உன் நெஞ்சிலிருந்து கால் வரை போர்த்தினேன். வெள்ளைத்துணிகளுக்கு மேலே அது பளபளவென்று கிடந்தது.

தலைமாட்டில் இருந்த ராமாயி அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். தோள்பக்கம் வரும் இடத்தில் சந்தனக் கறை இருந்தது, குத்திய ஊசியின் துளையும் இருந்தது. பட்டணத்துச் சங்கத்தின் பேர் அச்சடித்த சின்னச் சீட்டை நான் பிய்க்க மறந்திருந்தேன்.

"இது ஒங்களுக்குப் போட்டதா அண்ணே?"

நான் சீட்டைப் பிய்க்கக் கை நீட்டினேன்.

"ஒருத்தரு தோள்ல ஏறுன துணிய கோடியா போடலாமா? கோடின்னா புதுசா இருக்கணும்னு சின்னப் புள்ளைக்குக் கூட தெரியுமே. வேலியில காயப்போட்ட துணிய எடுத்து வந்து போட்டாலும் இதுவும் ஒண்ணுதான்."

"பரவால்ல விடும்மா, பெரிய மனுசன்," என்றார் ஒரு கிழவர்.

"பெரிய மனுசன்னா ஒரு வேட்டி எடுக்க முடியாதா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. மெதுவாக இழுத்து எடுத்து, நாலாக மடித்து, என் கையில் வைத்தாள்.

எனக்கு வேறு துணி எடுக்கக் கடைக்கு ஓடவும் கால் இல்லை, நேரமும் இல்லை. குழியில் உன்னோடு வேலை செய்த சிங்கள ஆட்கள் நான்கு பேர் பெட்டியைத் தூக்க முன்னால் வந்தார்கள். நான் ஒரு பக்கம் கை வைக்கப் போனபோது அதில் ஒருவர் என்னைத் தள்ளி நிறுத்தி, "ஏயா அபே மினிஹா" என்றார். அவன் எங்கள் ஆள். கோபமாகச் சொல்லவில்லை, கிழவன் விழுந்துவிடுவான் என்ற கரிசனம்தான். பொன்னாடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர்வலத்தின் வாலில் நடந்தேன். உன்மேல் என் கோடி இல்லாமலேயே உன்னை இறக்கினார்கள். அந்த மாம்பழ நிறத்துணியும் இன்று கயிற்றில் காய்கிறது.

போன வாரத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் மாடிக்கட்டடம் கட்டியிருக்கிறார்கள், திறப்புவிழா. கட்டடத்துக்கு என் பேர். இரண்டு கிழமைக்கு முன்பே பள்ளிக்கூடத்து அதிபரைப் போய்ப் பார்த்தேன். நல்ல பெண், முப்பத்தெட்டு வயதிருக்கும், அந்தக் கரிச்சுவருக்குள் படித்து வந்தவளின் மகள். என் பேரை எடுத்துவிட்டு உன் பேரைப் போடச் சொன்னேன்.

"அவரு யாருங்க ஐயா?" என்று கேட்டாள்.

சொன்னேன். கவனமாகக் கேட்டாள். பிறகு, "கல்வி வலயத்துல அனுமதி எடுத்தாச்சுங்க ஐயா. கல்லுல பேரும் வெட்டியாச்சு. நீங்க பேச்சுல அவரையும் ஞாபகப்படுத்துங்களேன்," என்றாள். அவள்மேல் குற்றம் சொல்ல ஏதுமில்லை.

சரி, மேடையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எழுதி வைக்கவில்லை. விசாரணை நடந்த அன்றைக்கு வராத பயம் விழா அன்று காலையில் வந்தது. இனி என்ன மிச்சமிருக்கிறது என்று நினைக்கிறாய்? பேர்தான். வாழ்நாளெல்லாம் சேர்த்தது அது ஒன்றுதான், அதை ஒரு மத்தியானத்தில் கொட்டப் போகிறோம்.

நான் பேசுவதற்கு முன்னால் பிள்ளைகளின் நாடகம் இருந்தது. பள்ளிக்கூடம் பிறந்த கதை. ஒரு சின்னப்பெண் மை தடவி மீசை வைத்து, என்னைப் போலத் துண்டு போட்டுக்கொண்டு வந்தாள். அவள்தான் நான். அட்டைப்பெட்டியில் செய்த பூட்டை அவளே தடியால் உடைத்தாள். துரை வேஷம் போட்ட பிள்ளை தொப்பியோடு வந்து, "யார் இதை உடைத்தது?" என்று அதட்ட, மீசைக்காரி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்: "நான்தான் உடைத்தேன்! யாரும் சொல்லவில்லை! எங்கள் பிள்ளைகள் மழையில் நனைகிறார்கள்!"

உன் வார்த்தை மச்சான். யார் வாயிலிருந்தோ யார் காதுக்கோ போய், அச்சு மாறாமல் வந்திருக்கிறது. ஆளை மட்டும் மாற்றிவிட்டார்கள். நாடகத்தில் நீ எங்கேயும் இல்லை. கூட்டத்தில் நிற்கும் ஒரு தொழிலாளியாகக்கூட இல்லை. பக்கத்தில் இருந்த பிரமுகர் என் தொடையில் தட்டி, "அந்தக் காலத்துத் துணிச்சல்!" என்றார்.

என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மழுப்பவில்லை. பூட்டை உடைத்தது நான் இல்லை என்றேன். உன் பேரை, உன் அப்பா பேரை, உன் லயத்து இலக்கத்தைச் சொன்னேன். உடைக்கச் சொன்னது நான், துரை கேட்டபோது தெரியாது என்று சொன்னவனும் நான், உன்னை வெளியே அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட்டவனும் நான் என்றேன். நான் கோழை, இந்தக் கட்டடத்தில் என் பேர் இருக்கக் கூடாது என்றேன். கண்ணில் தண்ணீர் வந்து, அதற்கு மேல் முடியவில்லை.

ஒரு கணம் மண்டபத்தில் சத்தமே இல்லை. அந்த ஒரு கணம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. கல்லெறியட்டும் என்று நின்றேன்.

அறிவிப்பாளர் ஓடிவந்து ஒலிவாங்கியை வாங்கினார். "பார்த்தீர்களா அன்பர்களே! செய்ததைத் தன் சாதனை என்று சொல்லிக்கொள்ள மனமில்லாமல், மறைந்துபோன ஒரு சாதாரணத் தொழிலாளிக்குப் புகழைத் தூக்கிக் கொடுக்கும் இந்தத் தன்னடக்கம் யாருக்கு வரும்? நிறைகுடம் தளும்பாது!" என்றார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது மச்சான். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். இல்லை, இல்லை என்று நான் கையை ஆட்ட, கைதட்டல் கூடிக்கொண்டே போனது. பிரமுகர் தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து என்மேல் போர்த்தினார். அதுதான் முப்பத்தேழாவது. மறுநாள் பத்திரிகையில் படத்தோடு வந்தது, 'கண்ணீரில் நனைந்த பெருந்தன்மை' என்று. உன் பேரைப் பிழையாகப் போட்டிருந்தார்கள்.

பத்திரிகையைப் பார்த்த அன்றைக்கே பஸ் ஏறிக் குருவிட்டைக்குப் போனேன். மருமகள் தடுத்தும் கேட்கவில்லை. மழை விட்ட இடைவெளியில் ராமாயி வாசலில் சாக்கை விரித்துக் காரத்தூள் இடிக்கக் கொச்சிக்காய் காயவைத்துக்கொண்டிருந்தாள். முதுகு நன்றாக வளைந்துவிட்டது. என்னைக் கண்டதும் உள்ளே போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். நீ செத்த வீட்டில் அவள் அப்படிப் பேசிய பிறகு நாங்கள் தனியாக உட்காருவது அதுதான் முதல் தடவை.

"மேடையில சொல்லிட்டேன் தங்கச்சி," என்றேன்.

"என்னத்த?"

"பூட்ட ஒடச்சது அவன்தான்னு. ஒடைக்கச் சொன்னது நான்னு. தொரைக்கிட்ட தெரியாதுன்னு சொன்னது, கையெழுத்துப் போட்டது, எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

கொச்சிக்காயைக் கிளறிக்கொண்டிருந்த கை நின்றது. என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நம்புனாங்களா?"

"கைதட்டுனாங்க."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், இல்லை ஏசுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"அன்னைக்குச் சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க அண்ணே," என்றாள். "அன்னைக்குச் சொன்னா ஒங்களுக்கும் பத்துச்சீட்டு கெடைச்சிருக்கும். இப்ப சொன்னா கைதட்டுத்தான கெடைக்குது. அப்புறம் எப்படி நம்புவாங்க?"

"டீ ஆறுது, குடிங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கொச்சிக்காயைக் கிளறத் தொடங்கினாள்.

அதைத்தான் சுமந்துகொண்டு வந்தேன். இந்த ஒரு வாரமாக எழுந்தாலும் படுத்தாலும் அவள் சொன்னதே காதில் இருக்கிறது. எத்தனையோ மேடையில் எத்தனையோ பேர் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், என்னைச் சரியாக அளந்தவள் அவள் ஒருத்திதான். வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன், பத்திரிகைக்கும் ஒன்று. பதில் வந்தால் பாராட்டாகத்தான் இருக்கும். எனக்கு முன்னால் இப்போது துரை இல்லை, பறிக்க ஒரு வேலை இல்லை, காம்பரா இல்லை. நான் எதைச் சொன்னாலும் என்னை யாரும் லொறியில் ஏற்றப் போவதில்லை.

உண்மை சொல்ல எனக்கென்று ஒரே ஒரு நாள் இருந்தது மச்சான். அந்த நாளில் நீ எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய்.